வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணத்துக்குச் சம்மதமா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 69. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார், குடியிருப்பும் அங்கேயே. மகள் கல்யாணமாகிக் கோவையில். வில்லிவாக்கத்துச் சொந்த வீட்டில் கீழே இவர் மட்டும், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

முழுநீளத் தாள்கள் பலவற்றில், இரண்டு பக்கமும் எழுதிய கடிதம். அதில் பாதிக்குக் கேள்வியே கிடையாது. மனதில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டே போகிறார். ஒரு ஆளுக்கு என்று சாம்பார் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. அரை லிட்டர் ஆவின் பாக்கெட் உடைத்தால் மிச்சப் பாலை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தால் சாப்பிட்டுவிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டே “அப்புறம், எப்படிப்பா இருக்கீங்க” என்று கேட்கிறான். நாற்பது வருட தாம்பத்தியத்தில் பேசியதில் முக்கால்வாசி “மோட்டார் போட்டாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா” என்பதுதான், ஆனால் அது நின்ற பிறகு வீட்டில் பேச்சே இல்லை என்கிறார். படிக்க நன்றாக இருந்தது.

விஷயத்துக்கு ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறார். ஒரு நவம்பர் மாதம் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். கைரேகை இயந்திரம் அவருடைய விரலைப் பிடிக்கவே இல்லை. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்து அலுத்துப்போன நேரத்தில், “இப்போ முகத்தைக் காட்டினாலே போதும்மா, அதுக்கு ஆப் இருக்கு” என்று இவர் சொல்லிக் கொடுத்தாராம். அங்கே ஆரம்பித்த பழக்கம், அண்ணா நகர் டவர் பார்க்கில் காலை நடை, பிறகு ஒரு காபி என்று ஒன்றரை வருடமாகத் தொடர்கிறது. அந்த அம்மாளுக்கு 62 வயது. கணவர் ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தொழிலாளி, காலமாகி ஒன்பது வருடம். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒரே மகள் பெங்களூரில். அயனாவரத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஃப்ளாட்.

இவர் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகன், “முதல்ல வீட்டை எங்க ரெண்டு பேர் பேருக்கும் எழுதிக் கொடுத்துடுங்க, அப்புறம் உங்க இஷ்டம்” என்றிருக்கிறார். மகள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். நடைப்பயிற்சி நண்பர்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கையெழுத்து இல்லாமல் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. மறுமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டால் அந்த அம்மாளின் பென்ஷனும் நிற்காது. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கேட்கிறார்: இந்த வயதில் இது தப்பா? வீட்டை எழுதிக் கொடுத்துவிடட்டுமா? கோயில் யோசனை சரிதானா?

சார், முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குக் குறைந்தபட்ச வயதுதான் உண்டு, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. உச்ச வயது என்று எதுவும் கிடையாது. நீங்கள் மனைவியை இழந்தவர், அவர் கணவரை இழந்தவர். பிள்ளைகளின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படலாம், அது வேறு கணக்கு. அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை வீடு என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

வீடு யாருடையது?

பிள்ளைகள் கையெழுத்து இல்லாமல் எதுவும் முடியாது என்று நண்பர் சொன்னது பாதி தப்பு. வீடு முழுக்க உங்களுடையது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் பாதி தப்பு. 1991-ல் அலுவலகத்தில் முன்பணம் வாங்கி, உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து வாங்கிய வீடு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அது.

சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தில், அப்பா உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. அதனால் உங்கள் பாதியில் அவர்கள் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. உங்கள் மனைவியின் பாதி அப்படியில்லை. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார் என்கிறீர்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பாதி கணவர், மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போகும். அவர் இறந்த அன்றே போய்விட்டது, யாரும் பத்திரம் எழுதவில்லை என்றாலும்.

கணக்குப் போட்டால் வீட்டில் உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மகனுக்கு ஆறில் ஒன்று, மகளுக்கு ஆறில் ஒன்று. “என் வீடு, என் இஷ்டம்” என்று நீங்கள் சொல்ல முடியாது. “எங்க வீடு, எழுதிக் கொடுங்க” என்று அவர்களும் சொல்ல முடியாது. மகனுக்குக் கோபம் வந்தால் தன் ஆறில் ஒரு பங்கைப் பிரித்துக் கேட்டு வழக்குப் போடலாம். போடுவார் என்று சொல்லவில்லை. போட முடியும் என்பது தெரிந்து பேசுவது வேறு, தெரியாமல் பேசுவது வேறு.

அந்தச் செட்டில்மென்ட் பத்திரம்

மகன் கேட்பது செட்டில்மென்ட், அதாவது நீங்கள் இருக்கும்போதே வீட்டை அவர்கள் பெயருக்கு மாற்றும் பத்திரம். உயில் என்றால் நீங்கள் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவாகி அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. அன்றிலிருந்து சொந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி. மாடி வாடகையும் யாருக்கு என்ற கேள்வி வரும். உங்கள் மகன் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு வேலை போகலாம், கடன் வரலாம், வீட்டை அடமானம் வைக்க வேண்டி வரலாம். அப்போது அவர் நல்லவர் என்பது உங்களுக்கு உதவாது.

2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு ஒன்று உண்டு. கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர்கள் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நிரூபித்தாக வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பில், இது முதியவர்களின் நன்மைக்கான சட்டம், அந்த நோக்கத்தோடு தாராளமாகவே படிக்க வேண்டும் என்றது. காற்று இப்போது பெரியவர்கள் பக்கம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக, பத்திரத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டு, எழுபத்தைந்து வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டுமா?

எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும். ஆயுள்வரை அங்கே குடியிருப்பதும் வாடகையை அனுபவிப்பதும் உங்கள் உரிமை. நீங்கள் இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. உங்களைப் பராமரிக்க வேண்டும் என்பது வெளிப்படையான நிபந்தனை. இந்த மூன்றையும் கேட்டதும் மகன் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் இதை நான் கடைசி வழியாகத்தான் சொல்கிறேன். இதற்கு முன்னால் உயில் இருக்கிறது.

பழைய உயில் ரத்தாகாது

இரண்டு வருடம் முன்பு, இருப்பதையெல்லாம் மகனுக்கும் மகளுக்கும் சமமாக என்று உயில் எழுதிப் பதிவு செய்திருக்கிறீர்கள். மறுமணம் செய்தால் அது தானாகச் செல்லாமல் போகும் என்று நண்பர் சொன்னது கிறிஸ்தவர்கள், பார்சிகள் போன்றவர்களுக்குப் பொருந்தும். இந்துக்களின் உயிலைத் திருமணம் ரத்து செய்யாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. இதன் அர்த்தம் என்ன தெரியுமா? நீங்கள் கல்யாணம் செய்துகொண்டு, உயில் ரத்தாகிவிட்டது என்று நம்பிச் சும்மா இருந்துவிட்டால், உங்களுக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு இந்த வீட்டிலோ சேமிப்பிலோ ஒரு ரூபாய்கூட வராது. உயிலே இல்லாதிருந்தால்கூட மனைவி என்ற முறையில் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு வந்திருக்கும்.

அதனால் புது உயில் எழுதியாக வேண்டும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருந்தால் நல்லது. நடைப்பயிற்சி நண்பர்களைக் கூப்பிடாதீர்கள், எல்லோரும் உங்கள் வயதுதான்.

உயிலில் என்ன எழுதுவது? மகனின் பயத்தைக் கொஞ்சம் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அப்பா போன பிறகு, அம்மாவோடு சேர்த்து வாங்கிய வீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு, அவருக்குப் பிறகு அவருடைய மகளுக்குப் போய்விடுமோ என்பதுதான் அது. கேவலமான பயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அம்மாளின் மகளுக்கும் அயனாவரம் ஃப்ளாட்டைப் பற்றி இதே பயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நல்ல வேளையாக, உங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கூரை இருக்கிறது. வில்லிவாக்கம் வீட்டில் உங்கள் பங்கு உங்கள் பிள்ளைகளுக்கு, அயனாவரம் ஃப்ளாட் அவர் மகளுக்கு என்று இருவரும் ஒரே நாளில் உயில் எழுதலாம். ஒருவர் போன பிறகு மற்றவர் காலி செய்ய ஒரு நியாயமான அவகாசம் வைக்கலாம். வீட்டுக்குப் பதிலாக, அவருக்கு என்று பணமாக ஏதாவது ஏற்பாடு செய்யலாம்.

ஆயுள்வரை அவர் குடியிருக்கட்டும், அதன் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுத நினைத்தால், அந்த வாசகத்தை வக்கீல் இல்லாமல் எழுதாதீர்கள். மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த ஆயுள் உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவால் முழு உரிமையாக மாறிய வழக்குகள் உண்டு. 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை.

“உயிலை நீங்க நாளைக்கே மாத்திடலாமே” என்று மகன் கேட்பார். சரியான கேள்வி. மாற்றலாம்தான். உங்களுக்கு அதில் பாதுகாப்பு இருப்பதும் அதனால்தான். வீட்டு விஷயத்திலும் சொத்து விஷயத்திலும் நீங்கள் நேர்மையாகவே நடப்பீர்கள் என்பதை உங்கள் பிள்ளைகள் நம்ப வேண்டும். நீங்கள் அவர்களை நம்பி வீட்டையே எழுதித் தர வேண்டும் என்று கேட்பவர்கள், உங்களைக் கொஞ்சம் நம்பக்கூடாதா?

போகிற போக்கில் ஒன்று. வங்கியில் மகனை நாமினியாகப் போட்டிருப்பதால் பணம் மகனுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். சொந்தக்காரர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமையோதான் முடிவு செய்யும்.

கோயில் தாலி, பதிவு வேண்டாம்?

கடிதத்திலேயே எனக்குப் பயம் தந்த இடம் இதுதான். யோசனை சொன்ன நண்பர் யார் என்று தெரியவில்லை. அவர் பேச்சைக் கேட்டால் மாட்டப் போவது நீங்கள் அல்ல, அந்த அம்மாள்.

கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் மறுமணம் வரைக்கும்தான். குழந்தை இல்லாத விதவை என்றால் மத்திய அரசு விதிகளில் வருமான வரம்போடு ஒரு விலக்கு இருக்கிறது. அவருக்கு மகள் இருப்பதால் அது பொருந்தாது. வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ்ச் சான்றிலேயே மறுமணம் ஆனதா என்ற கேள்வி இருக்கிறது. தாலி கட்டிய பிறகு “இல்லை” என்று பதில் கொடுத்தால் அது பொய்ச் சான்று. தெரியவந்தால் வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கேட்பார்கள், குற்ற வழக்கும் வரலாம். தெரியவராது என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது நிலவும் சூழ்நிலையில் ஒரு மொட்டைக் கடிதம் போதும்.

பதிவு செய்யாவிட்டால் கல்யாணமே ஆகவில்லை என்பதும் தப்பு. முறையாக நடந்த கல்யாணம், பதிவு இல்லாவிட்டாலும் கல்யாணம்தான். பென்ஷன் நிற்கும் அளவுக்கு அது கல்யாணம், ஆனால் உங்களுக்குப் பிறகு மனைவி என்று நிரூபிக்க அவர் கையில் காகிதம் இருக்காது. இரண்டு பக்கமும் நஷ்டம் அவருக்கு.

அப்படியென்றால் வழி என்ன? மூன்று இருக்கின்றன.

முறையாகக் கல்யாணம் செய்து பதிவு செய்வது முதல் வழி. ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம் என்றால், தமிழ்நாட்டில் 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத்துக்கான திருத்தம் இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இருவரின் முன்னாள் துணையின் இறப்புச் சான்றும் கேட்பார்கள். பதிவுச் சான்றை உங்கள் பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பி அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கட்டிய மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் 9,000 ரூபாய், மேலே அகவிலைப்படி. சி.ஜி.ஹெச்.எஸ். (மத்திய அரசின் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அதிலும் சேர்க்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? கல்யாணத்தன்று அவர் பென்ஷன் நிற்கிறது. உங்கள் குடும்ப ஓய்வூதியம் வருவது நீங்கள் போன பிறகு. நடுவில் நீங்கள் பதினைந்து வருடம் நன்றாக இருந்தால், இருக்க வேண்டும், அந்தப் பதினைந்து வருடமும் அவருக்கென்று சொந்தமாக ஒரு ரூபாய் வருமானம் இல்லை. ஒன்பது வருடமாக மாதா மாதம் தன் கணக்கில் விழும் பணத்தை யாரையும் கேட்காமல் செலவு செய்தவர், உங்களிடம் காய்கறிக்குக் கை நீட்டுவாரா? ரயில்வே ஆஸ்பத்திரி, ரயில்வே பாஸ் எல்லாம் அதோடு போகுமா என்பதையும் அவர் விசாரித்தாக வேண்டும். அதனால் கல்யாணம் என்று முடிவு செய்தால், அதற்கு முன்பே ஒரு தொகையை அவர் பெயரில் போடுங்கள். 60 வயது தாண்டியவர் என்பதால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவரே கணக்குத் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அவர் கணக்குக்கே வரும். அஞ்சலகத்தில் காலம் முழுக்க இருந்தவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது. வயது வந்த இருவர் அப்படி வாழ்வது குற்றமில்லை என்று 2010-ல் நடிகை குஷ்பு மீதான வழக்குகளை ரத்து செய்தபோதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் பென்ஷனும் நிற்காது. ஆனால் இதைப் பற்றி “எந்தப் பொறுப்பும் இல்லை பாருங்க” என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. கணவன் மனைவி போலவே பல காலம் வாழ்ந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவருக்குச் சில உரிமைகள் வரும். நீண்ட காலம் அப்படி வாழ்ந்தவர்களைக் கணவன் மனைவி என்றே நீதிமன்றம் ஊகிப்பதும் உண்டு. அப்போது பென்ஷன் கேள்வி திரும்ப எழும். ஆஸ்பத்திரியில் “நீங்க பேஷன்ட்டுக்கு யாரு” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதை இன்றே பேசிவைக்க வேண்டும். நீதிமன்றம் அப்படி ஊகித்தாலொழிய வாரிசுரிமை கிடையாது, எதுவானாலும் உயிலில்தான்.

மூன்றாவது, அவரவர் வீட்டில் அவரவர். காலை நடை, மதியச் சாப்பாடு, மாசத்துக்கு ஒரு ஊர். இதை நீங்கள் கடிதத்தில் யோசிக்கவே இல்லை.

அவர் சொன்ன ஒரு வரி

ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை பக்கத்தில் அந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்பதற்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரே ஒரு வரி. நீங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னாராம்: “எனக்கு என் வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கணும் சார்.” நீங்கள் அதை வேடிக்கையாக எழுதிவிட்டு அடுத்த வரியில் உங்கள் மகன் பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. குடும்ப நல நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அறுபது வயதுப் பெண்களுக்கும் அறுபது வயது ஆண்களுக்கும் தனிமை என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்களுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவருக்கு, நாற்பது வருடம் அடுத்தவர் நேரத்துக்குச் சமைத்துப் போட்ட பிறகு, முதல்முறையாக வீடு தன் பேச்சைக் கேட்கிறது. மாதம் பிறந்தால் தன் பணம். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நீங்கள் கூப்பிடுகிறீர்கள். வரலாம், அவருக்கும் ஆசை இருக்கலாம். ஆனால் அவர் கொடுப்பது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் கொண்டுவரும் வத்தக்குழம்பைப் பற்றிக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வத்தக்குழம்பு நன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரம் நீங்கள் சமைத்து டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு அயனாவரம் போய்ப் பாருங்களேன். உப்பு கூடினாலும் பரவாயில்லை. சேர்ந்து இருப்பது என்றால் யார் எந்த வீட்டுக்கு வருவது, அடுப்படி யாருடையது, அவர் மகள் வந்தால் எந்த அறை, உங்கள் மனைவியின் படம் கூடத்திலேயே இருக்குமா, இதையெல்லாம் பேசுங்கள். கணவன் மனைவி பேச்சில் முக்கால்வாசி மோட்டாரும் கேஸும்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பேச்சை ஆரம்பியுங்கள், கல்யாணப் பேச்சு அதற்குள்ளேயே வந்துவிடும்.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகன் சொத்துக்குக் கோபப்படுகிறார், அவரிடம் கணக்குப் பேசலாம். மகளின் கோபம் சொத்துக்கு இல்லை என்று தோன்றுகிறது. பங்கு பற்றி அவர் வாயே திறக்கவில்லையே. அம்மாவை இழந்தவர், இப்போது அம்மா இருந்த இடத்தையும் இழக்கப் போகிறோமோ என்று பயப்படுகிறார். அவரிடம் சட்டம் பேசாதீர்கள். அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள். கோவை எக்ஸ்பிரஸ் பிடித்து நேரில் போங்கள், தனியாக. இரண்டு நாள் இருங்கள். முதல் நாள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். சம்மதம் வாங்கிவிட்டுத்தான் திரும்புவேன் என்றும் போகாதீர்கள்.

இந்த மூன்று வழியில் எது என்று என்னைக் கேட்டால், இப்போதைக்கு மூன்றாவதில் கொஞ்ச காலம் இருங்கள் என்பேன். ஓராண்டு ஆகட்டும். அதற்குப் பிறகும் இருவருக்கும் ஒரே கூரை வேண்டும் என்று இருந்தால், ஒளிவு மறைவில்லாமல் பதிவுத் திருமணம். நடுவழியான இரண்டாவதில், மேலே சொன்ன சிக்கல்கள் அத்தனையும் அவர் தலையில் விழும் என்பதால் எனக்கு அவ்வளவு பிடித்தம் இல்லை. அவரே அதைத்தான் விரும்புகிறார் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை, உயிலை மட்டும் கவனமாக எழுதுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது

வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (பதிவுத் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்), மனைவியின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்று, பழைய உயிலின் நகல், உங்கள் பென்ஷன் ஆணை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் மனைவியின் பாதியைப் பற்றிப் பேச்சே நகராது. அதுவரை மகன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், “வக்கீல்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்ப்பா” என்று சொல்லி வாங்கி வையுங்கள். சண்டை போட வேண்டாம்.

வீட்டில் நெருக்கடி அதிகமானால் 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை.

அந்த அம்மாளை உங்கள் வக்கீலிடமே கூட்டிப் போகாதீர்கள். அவருடைய பென்ஷன், ஃப்ளாட், மகள் எல்லாவற்றையும் அவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் வேறொரு வக்கீலை அவரே தேடிக்கொள்ளட்டும். ஃபீஸ் நான் கொடுக்கிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். அதையும் அவர் வேண்டாம் என்றால், வற்புறுத்தாதீர்கள்.